நான்கு ஸ்பீக்கர், மூன்று பங்காளிகள்

“வயருக்குப் பேர் எழுதி மாட்டுறது மறதிக்காரன் வேலை சார். என் கண்ணைக் கட்டி விடுங்க. எந்த வயர் எங்க கிளம்பி எங்க போய்ச் சேருதுன்னு என் விரல் சொல்லும்.”

இந்தப் பிரகடனம் ஒரு லிஃப்ட் கம்பெனியின் பயிற்சி வகுப்பில், பின் பெஞ்சிலிருந்து வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் அங்கே மூத்த மெக்கானிக். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் பெயர் எழுதிய சின்ன வெள்ளை உறை ஒன்றை மாட்டிவிட வேண்டும் என்று வகுப்பெடுக்க வந்தவர் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். வகுப்பெடுத்தவர் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு பை நிறைய வெற்று உறைகளைக் கொடுத்து அனுப்பினார். நம்மவர் தமக்கு வந்த பையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டு, அதன்மேல் மழைக்கோட்டை வைத்து, மழைக்கோட்டின்மேல் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார்.

அவருக்கு வயர் மாமா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மனைவியின் தம்பி “மாமா மாமா” என்று கூப்பிட்டுத் தெரு முழுக்கப் பரப்பி விட்டான். எந்த வீட்டில் எது பழுதானாலும் தோளில் ஒரு சுருள் வயரோடு போய் நிற்பவர் என்பதால் முன்னால் வயர் சேர்ந்துகொண்டது. அவரைவிட மூத்தவர்களும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வேலையிடத்தில் விதி விதிதான். அங்கே உறை மாட்டாமல் ஒரு வயரையும் விட மாட்டார். “அது எனக்குப் பின்னால வர்ற அப்பாவிகளுக்காக” என்பார். ஆனால் வீட்டு முன்னறையில் அவருக்கு மேலதிகாரி கிடையாது. மனைவியை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தவறு அங்கேதான் தொடங்கியது.

அந்த முன்னறையில் சனிக்கிழமைதோறும் மூன்று பேர் கிட்டார் வாசிப்பார்கள். முதலாமவர் மாமா. இரண்டாமவர் அவர் மச்சான், பெயரைப் பரப்பிய அதே தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை அதற்குப் பழிவாங்குவது போல் வாசிப்பான். மூன்றாமவர் சம்பந்தி, அதாவது மாமாவின் மகளுக்கு மாமனார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என்ற உறவை வைத்துக்கொண்டு ஒரே இசைக்குழுவில் இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதைப் பட்டவர்களே அறிவார்கள். மச்சான் தப்பாக வாசித்தால் “டேய், காதை எங்கடா வச்சிருக்க?” என்று கேட்டுவிடலாம். சம்பந்தி தப்பாக வாசித்தால் “ரொம்பப் புதுசா இருக்கு சம்பந்தி” என்று சொல்லிவிட்டு, மற்ற இருவரும் அந்தத் தப்பை நோக்கி நகர்ந்து போக வேண்டும்.

மூவருக்கும் ஆளுக்கொரு ஆம்ப். சத்தத்தைப் பெருக்குவது அதன் வேலை. சத்தம் வெளியே வர ஆளுக்கொரு ஸ்பீக்கர் பெட்டி, ஒவ்வொன்றும் துணி துவைக்கும் மெஷின் அளவு. மூன்று பெட்டியும் முன்னறைச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றன. யாராவது விருந்தாளி வந்தால், அவர் சமையலறையில் நின்றுகொண்டே குசலம் விசாரித்துவிட்டுப் போவார்.

மாமாவின் மனைவி பிசியோதெரபி நிபுணர். ஊர் முழுக்கப் பிடித்துக்கொண்ட கழுத்துகளையும் முட்டிகளையும் ஆஸ்பத்திரியில் நிமிர்த்தி வந்தவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டார். வீட்டிலேயே சொந்தமாகப் பார்க்கப் போவதாக முடிவு. சிகிச்சைக் கட்டில் வந்து மொட்டை மாடிப் படிக்கட்டில் சாய்ந்து நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து முன்னறைத் தரையின் குறுக்கே கோடு போட்டார்.

“ஏங்க, இங்க வாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் என் கட்டில். அந்தப் பக்கம் உங்க சாமான். திங்கட்கிழமை காலையில முதல் பேஷன்ட் வர்றாங்க. தோள்பட்டை தூக்க முடியாதவங்க. அவங்க கையைத் தூக்கினா உங்க பெட்டியில இடிக்கக் கூடாது.”

மாமா கோட்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு பெட்டிக்கு மட்டும் இடம் இருந்தது.

“ஒரு பெட்டிதான் நிக்கும்.”

“அதைத்தான் சொல்றேன். ஒரு பெட்டி நிக்கட்டும். இல்லன்னா மூணு பெட்டியும் மூணு பேரும் வேற இடம் பாருங்க.”

வேறு இடம் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். மச்சான் இருப்பது மாடிப் போர்ஷன். கீழ் வீட்டுக்காரர் ரேடியோ சத்தத்துக்கே கட்டையால் கூரையை இடிப்பவர். சம்பந்தியின் வீட்டில் மூன்று மாதக் குழந்தை, மாமாவுக்கே பேத்தி, தூங்கிக்கொண்டிருந்தது. முன்னறை போனால் சனிக்கிழமை போயிற்று.

வேறு யாராவது இருந்தால் கெஞ்சியிருப்பார்கள். மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஒரு பெட்டி போதும். மூணு ஆம்பையும் அதுலயே கட்டிக் காட்டறேன். நீ கட்டிலை இறக்கு.”

செய்தி மச்சானுக்குப் போனதும் அவன் ஓடிவந்து தன் ஆம்பின்மேல் கையை வைத்துக்கொண்டான். அவன் ஆம்ப் பழைய வால்வ் ஆம்ப். உள்ளே கண்ணாடிக் குழாய்கள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். வேனைக்கூடக் கடன் கொடுப்பான், அதைக் கொடுக்க மாட்டான்.

“மாமா, ரெண்டு ஆம்ப்போட வெளி வயரை ஒண்ணா சேர்க்கவே கூடாதும்பாங்களே.”

“யாருடா சேர்க்கப் போறா? ஒரே குழாய்ல ரெண்டு பக்கமும் மோட்டார் வச்சு எதிரெதிரா தண்ணி அடிச்சா என்ன ஆகும்? குழாய் வெடிக்கும், இல்ல மோட்டார் போகும். எனக்குத் தெரியாதா? பதினாலு மாடி லிஃப்டைத் தூக்கி நிறுத்தறவன்டா நான்.”

“லிஃப்ட் மாட்டிக்கிட்டா மணி அடிக்கலாம் மாமா. இதுக்கு மணி இருக்கா?”

திட்டம் என்னவோ சரியானதுதான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். மாமாவின் பெட்டிக்குள் நான்கு ஸ்பீக்கர்கள். நான்கையும் ஒன்றாகக் கோத்திருந்த பழைய வயரிங்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வோர் ஆம்புக்கும் தனி ஸ்பீக்கர், தனி வழி, பெட்டியின் முதுகில் தனித்தனித் துளை. ஒருவர் சத்தம் இன்னொருவர் பக்கம் தலைவைத்துப் படுக்காது. ஒரே வீட்டில் மூன்று அடுப்பு.

சிக்கல் எண்ணிக்கையில் வந்தது. ஸ்பீக்கர் நான்கு, ஆள் மூன்று. முறைப்படி மாமனும் மச்சானும் சம்பந்தியும் பங்காளிகள் ஆக முடியாது. அந்தப் பெட்டி ஆக்கிவிட்டது.

“எனக்கு எது வந்தாலும் சரி” என்றார் சம்பந்தி, சட்டைப் பையிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டே. “நான் அடிச்சுப் பிடிக்கிற ஆள் இல்ல. ஆனா கீழ் வரிசை ரெண்டும் ஒரே எல்லைக்குள்ள சேர்ந்தாப்ல இருக்கு. அதைப் பிரிக்கிறது நல்லால்ல.”

“அப்ப அந்த ரெண்டும் உங்களுக்குத்தான் சம்பந்தி” என்றார் மாமா.

“பெட்டி உங்களுது மாமா!” என்றான் மச்சான்.

“நீ சும்மா இருடா. பொண்ணு கொடுத்திருக்கோம்.”

மேல் வரிசையில் இடது ஸ்பீக்கர் மாமாவுக்கு, வலது மச்சானுக்கு என்று பாகப்பிரிவினை முடிந்தது. மற்ற இரண்டு பெட்டிகளும் மாடிப்படிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. மாமா வேலை முடிந்து வந்ததும் வராததுமாகப் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைவரை உழைத்தார். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஈயப் பற்றும் கண்ணாடி மாதிரி மின்னியது. மூன்று துளைகளையும் குனியாமல் எட்டுகிற மாதிரி முதுகின் உச்சியில் வைத்தார். வயர் மூன்றும் ஒரே சுருளிலிருந்து வெட்டியவை: ஒரே கறுப்பு, ஒரே நீளம், ஒரே பிளக்.

“மாமா, எது யாருதுன்னு ஏதாவது எழுதி வையுங்களேன்.”

மாமா அவனைப் பார்த்த பார்வையில் பயிற்சி வகுப்பு முழுதும் இருந்தது.

“எழுதறதா? என் வயருக்கா?”

சனிக்கிழமை சாயங்காலம் ஆயிற்று. பெட்டியைச் சுவரோரம் தள்ளியாயிற்று. பின்னால் ஒரு கை மட்டும் நுழையும் சந்து. பெட்டியின்மேல் மூன்று ஆம்புகள் அடுக்கப்பட்டன. கனமான வால்வ் ஆம்ப் அடியில், அதன்மேல் மாமாவுடையது, உச்சியில் சம்பந்தியுடையது. சம்பந்தியை அடியில் வைப்பது மரியாதையாக இருக்காது. மனைவி சாக்குக்கோட்டின் மீது கைகட்டி நின்றார். மாமா வலக்கையைச் சந்துக்குள் விட்டு, முகத்தைச் சபையின் பக்கம் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் கண்ணையும் மூடிக்கொண்டார்.

“இது என்னுது. போயாச்சு. இது மச்சானுது. போயாச்சு. இது சம்பந்தியோடது...”

விரல் ஒரு துளையைத் தேடியது. ஒரு துளையைக் கண்டது. பிளக் ‘டக்’ என்று உட்கார்ந்தது.

“போயாச்சு.”

இந்த இடத்தில் வாசகர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த அறையில் யாருக்கும் அது தெரியாது. வால்வ் ஆம்பின் முதுகில் ஸ்பீக்கருக்கான துளை ஒன்றல்ல, இரண்டு. இன்னொரு பெட்டி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக அந்த இரண்டாவது. அது பெட்டியின் துளைகளுக்கு ஒரு சாண் மேலே, அதே அளவில், காலியாக இருந்தது. சம்பந்தியின் ஆம்பிலிருந்து வந்த வயர் பெட்டிக்குப் போகவில்லை. மச்சானின் ஆம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சேரவே கூடாத இரண்டு மோட்டாரும் ஒரே குழாயில் சேர்ந்தாயிற்று.

மாமா முதலில் வாசித்தார். அருமையாகக் கேட்டது. மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அடுத்து மச்சான் வாசித்தான்.

“என்ன மாமா, என் ஆம்புக்கு ஜலதோஷமா? மூக்கால பாடுது.”

“வால்வ் சூடாகணும்டா. பொறு.”

சம்பந்தி ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு, தலையைச் சாய்த்தார். பிறகு எழுந்து பெட்டியருகே போய்க் குனிந்து, ஸ்பீக்கர் ஸ்பீக்கராகக் காதை வைத்துப் பார்த்தார். முப்பது வருஷம் எல்லைக்கல் தேடிய குனிவு அது.

“சம்பந்தி, என் ரெண்டும் தூங்குது. என் சத்தம் உங்க மச்சான் பங்குல கேக்குது.”

“இருக்காது சம்பந்தி.”

“கேக்குதுங்க. இது சுத்தமான ஆக்கிரமிப்பு.”

“அது எதிரொலி. ரூம் காலியாயிடுச்சு இல்ல, அதான். நீங்க கொஞ்சம் சத்தமா வையுங்க, தானா பிரிஞ்சு போயிடும்.”

சம்பந்தி சத்தமாக வைத்தார். தன் பங்கில் அந்நியக் குரல் கேட்பதைப் பொறுக்காத மச்சான், அவனும் சத்தமாக வைத்தான். சம்பந்தி இன்னும் வைத்தார். “அப்படித்தான்! அப்படித்தான்!” என்று மாமா உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தபோது உச்சியில் இருந்த ஆம்ப் ஒருமுறை விக்கியது. பிறகு அதன் மூடியின் சல்லடை வழியாக, அவசரமே இல்லாமல், ஒரு புகை எழுந்து நின்றது.

மனைவிதான் ஓடிப்போய்ச் சுவர் ஸ்விட்சை அணைத்தார். ஆண்கள் மூவரும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கரன்ட்ல ஏதோ கோளாறு” என்றார் மாமா.

“பரவாயில்லீங்க” என்றார் சம்பந்தி.

சம்பந்தி சொல்லும் பரவாயில்லையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கிட்டாரை உறையில் போட்டார். உறையின் ஜிப்பைக் கடைசிப் பல்வரை இழுத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. என் பெட்டியை மறுபடி உள்ள வையுங்க, வாசிக்கிறேன். என் ஆம்ப் என் பெட்டியிலதான் பாடும். இடமில்லன்னா இருக்கட்டும். வீட்ல பூந்தொட்டி இருக்கு, பார்த்துக்கறேன்.”

எல்லோரும் சாக்குக்கோட்டைப் பார்த்தார்கள். அதன்மேல் நின்றவர் அசையவில்லை.

“நான் வேலையை விட்டாச்சுங்க” என்றார் மனைவி, சம்பந்தியிடம் மரியாதையாக, கணவரைப் பார்த்துக்கொண்டு. “எனக்குத் திங்கட்கிழமை கட்டில் போடணும்.”

சம்பந்தி போனதும் மச்சான் தன் ஆம்பைக் குழந்தையைத் தடவுவது போலத் தடவிப் பார்த்தான். அது உயிரோடு இருந்தது.

“நாம ரெண்டு பேர் மட்டும் வாசிச்சா அது பேண்ட் இல்ல மாமா. வாய்த்தகராறு.”

அன்றிரவுக்குள் மாமா குற்றவாளிகளின் பட்டியலைத் தயாரித்துவிட்டார். கரன்ட். காற்றில் ஈரம். சம்பந்தியின் ஆம்புக்கு வயசு. சம்பந்தியின் விரல் கனம். ஒரு கட்டத்தில் சாக்குப்பொடி பறந்து உள்ளே போயிருக்கலாம் என்றும் ஒரு கருத்தை முன்வைத்தார். மனைவி தட்டை வைத்த சத்தத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மகள் போன் செய்தாள்.

“அப்பா, என் மாமனார் வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. பூந்தொட்டியை எல்லாம் டேப் வச்சு அளந்துக்கிட்டு இருக்கார். என்னப்பா பண்ணித் தொலைச்சீங்க?”

“நான் என்னம்மா பண்ணேன்? கரன்ட்...”

“உங்க கரன்ட்டை நீங்களே வச்சுக்குங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆம்பை எடுக்க அவரை அனுப்பறேன். அதுக்குள்ள சரி பண்ணி வையுங்க. இந்த வீட்ல நான்தான் அவர் முகத்தைப் பார்க்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, கரன்ட்தான் குற்றவாளி என்று நிரூபிக்கும் நோக்கத்தோடு மாமா பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தார். பின்புறம் போனார். அங்கே சம்பந்தியின் பிளக், மச்சானின் ஆம்பில், சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

மாமா அதைச் சிறிது நேரம் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிளக்கை உருவி, வயரைச் சுருட்டித் தரையில் போட்டார். பிறகு யாரும் எதுவும் கேட்காதபோதே, “எலி கிலி கடிச்சிருக்கும்” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

சம்பந்தியின் ஆம்பைத் திறந்தார். ஃபியூஸும் இரண்டு டிரான்சிஸ்டரும் போயிருந்தன. ஒரு ரெசிஸ்டர் கருகிக் கிடந்தது. ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்து, ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாற்றினார். மாடிப்படிக்கு அடியில் கிடந்த சம்பந்தியின் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். பாடியது. அவர் கையில் திறமை இல்லை என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். கை எங்கே போகிறது என்று பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

அதன்பிறகு ஸ்கூட்டர் சீட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. மழைக்கோட்டை விலக்கும் சத்தம் கேட்டது. மாமா சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு, தோளில் மூன்று வயரோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். வெகுநேரம் ஆயிற்று.

“ஏங்க, வயிறு சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“உள்ள என்ன பண்றீங்க?”

“மனுஷன் உள்ள என்ன பண்ணுவான்?”

உள்ளே அவர் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியோடு, ஒரு வெள்ளை உறையில் ‘மச்சான்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். அடுத்ததில் ‘சம்பந்தி’ என்று எழுதிவிட்டு, வெறும் சம்பந்தி என்பது மொட்டையாக இருக்கிறதோ என்று யோசித்தார். ‘அவர்கள்’ சேர்க்க இடமில்லை. மூன்றாவது உறை அவருடைய வயருக்கு. பேனா நின்றது. தன் வயருக்குமா? கடைசியில் ‘நான்’ என்று, முடிந்தவரை பொடி எழுத்தில் எழுதினார். இரண்டு முனைக்கும் எழுத வேண்டியிருந்ததால் இன்னொரு முறை ‘நான்’ என்று எழுதினார். வெளியே வந்ததும் பெட்டியின் துளைகளுக்கும், ஆம்புகளின் துளைகளுக்கும் பெயர் எழுதியானது. வால்வ் ஆம்பின் இரண்டாவது துளைக்கு மனைவியின் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்டரைக் குறுக்கே போட்டு ஒட்டினார். காயத்துக்குப் போடும் பொருளைச் சரியான இடத்தில்தான் போட்டார்.

சாயங்காலம் சம்பந்தி ஆம்பை எடுத்துப்போக வந்தார். தோளில் கிட்டாரும் இருந்தது. வண்டியில் மறந்துபோய் இருந்துவிட்டதாம். அதை யாரும் விசாரிக்கவில்லை.

“ஆம்ப் ரெடி சம்பந்தி. எடுத்துட்டுப் போகலாம். ஆனா, ஒரே ஒரு தடவை இதுல கேட்டுட்டுப் போங்க. உங்க ரெண்டு ஸ்பீக்கர் உங்களுக்குன்னு வெட்டி விட்டது.”

சம்பந்தி உட்காரவில்லை. டேப் வைத்திருந்த பையை மட்டும் தொட்டுக்கொண்டார். படிக்கட்டில் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மனைவி காத்திருந்தார். மறுமுனையை மச்சான் பிடித்திருந்தான். இன்னும் சிறிது நேரத்தில் அந்தக் கட்டில் இறங்கும். அதற்கு முன் பெட்டி பாட வேண்டும், அல்லது சனிக்கிழமைகள் முடிந்தன.

மாமா இன்று பெட்டியைச் சுவரோடு தள்ளவில்லை. முன்னே இழுத்துப் போட்டு, பின்னால் போய், முதலில் மண்டியிட்டார். பிறகு குப்புறப் படுத்தே விட்டார். மூக்குக்கண்ணாடி மூக்கில், டார்ச் லைட் வாயில். ஒவ்வொரு பிளக்கையும் இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து மாட்டினார். பெட்டிக்குப் பின்னாலிருந்து ஏதோ முணுமுணுப்பு வந்தது.

“சம்பந்தி, அங்க என்ன படிக்கிறீங்க?”

டார்ச் வாயிலிருந்து வெளியே வந்தது.

“படிக்கல. தூசி தட்டறேன்.”

“மாமா, தூசி தட்டக் கண்ணாடி எதுக்கு?” என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

“நீ கட்டிலைப் பிடிடா!”

மாமா தலையை மட்டும் பெட்டிக்கு மேல் நீட்டி, வாசிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். சம்பந்தி ஆம்பைப் போட்டார். நின்றபடியே கிட்டாரை எடுத்து, ஜிப்பைப் பாதி மட்டும் திறந்த உறைக்குள் கையை விட்டு கிட்டாரின் வயரை மாட்டினார், ஒரு தந்தியை மீட்டினார். சத்தம் வந்தது. அவர் குனிந்தார். மேல் இடது. மௌனம். மேல் வலது. மௌனம். கீழ் இரண்டும் அதிர்ந்துகொண்டிருந்தன.

அவர் நிமிர்ந்து, உறையின் மீதி ஜிப்பையும் திறந்தார்.

“என் எல்லைக்குள்ளதான் இருக்கு” என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கட்டில் இறங்கியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. மச்சான் ஓடிவந்து தன் ஆம்பைப் போட்டான். அதற்கு ஜலதோஷம் தீர்ந்திருந்தது. பெட்டியைச் சுவரோரம் தள்ளலாமா என்று மனைவி கேட்டார்.

“ஒரு நிமிஷம்” என்றார் மாமா.

மறுபடி குனிந்தார். மச்சான் என்றிருந்ததை விரல் வைத்துப் படித்து, அந்த வயரை மறுமுனைவரை தொட்டுக்கொண்டே போனார். சம்பந்தி என்றிருந்ததை அப்படியே. மிச்சம் ஒன்றுதான், அது அவருடையது, உலகத்தில் எந்தக் கண்கட்டும் அதை அவரிடமிருந்து மறைக்க முடியாது. டார்ச்சை அணைத்துவிட்டுப் பாதி எழுந்தார். எழுந்தவர், யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி டார்ச்சைப் போட்டுக் குனிந்து, ‘நான்’ என்று தொடங்கிய வயரை விரலால் தொட்டபடியே போய், அது ‘நான்’ என்றே முடிகிறதா என்று பார்த்துக்கொண்டார்.